கரியில் செய்த தண்டு! வேகக் காருக்கு அது வேண்டுமா?

அம்பாசடர் காரின் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் பாடு திண்டாட்டம்தான். காலை நேராக வைக்க முடியாது. தரையில் நீளவாக்கில் ஒரு மேடு இருக்கும். அதற்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வீட்டில் யார் சிறியவரோ, அவர் தலையில்தான் அந்த இடம் விழும்.

அந்த மேடு எதற்கு?

அதற்கு அடியில் ஒரு தண்டு சுற்றுகிறது. முன்னால் இருக்கும் என்ஜினின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போவது அந்தத் தண்டுதான். "புரப்பல்லர் ஷாப்டு" என்பது அதன் பெயர். பட்டறைகளில் "ஷாப்டு" என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இப்போது வரும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் ஓடுபவை. அவற்றுக்கு இந்த நீளத் தண்டு தேவை இல்லை. ஆனால் லாரிக்கு உண்டு. பஸ்சுக்கு உண்டு. ஜீப்புக்கு உண்டு. ஒரு வீட்டையே வாங்கிவிடக்கூடிய விலை உள்ள வேகக் கார்கள் பலவற்றுக்கும் உண்டு.

அந்த வேகக் கார்களில்தான் இப்போது ஒரு மோகம். இரும்புத் தண்டைக் கழற்றிவிட்டு, கரியில் செய்த தண்டை மாட்டுகிறார்கள். கரி என்றால் அடுப்புக்கரி அல்ல. கரியை நூலாக்கி, அந்த நூலைச் சுற்றி, பசையில் ஊற வைத்து, சூட்டில் இறுக்கிச் செய்த குழாய். "கார்பன் பைபர்" என்கிறார்கள்.

"அது பெங்களூர்ப் பணக்காரர்களின் விளையாட்டு. பொம்மிடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சுற்றுகிற தண்டு பொம்மிடியிலும் உண்டு. அது காருக்கு அடியில் ஒளிந்து கிடக்கவில்லை. வயலில், களத்து மேட்டில், பெண்களும் பிள்ளைகளும் நிற்கிற இடத்தில் சுற்றுகிறது. வேகக் காரில் அந்தத் தண்டை எப்படி மாட்டுகிறார்கள் என்று பார்த்தால், அங்கே எதற்கு முதல் மரியாதை கொடுக்க வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தெரிந்துவிடும்.

கரி எப்படி நூலாயிற்று?

இது நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1879-ல் எடிசன் மின்சார விளக்கு செய்தபோது, பருத்தி நூலைக் கரியாக்கித்தான் விளக்குக்குள் வைத்தார். அது வெளிச்சம் தந்தது. ஆனால் பலம் கிடையாது. தொட்டால் உதிரும்.

பலமுள்ள கரி நூல் வந்தது அதற்கு வெகு காலம் கழித்துத்தான். 1958-ல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் என்ற விஞ்ஞானி தம் ஆராய்ச்சிக்கூடத்தில் மிக உறுதியான கரி இழைகளைக் கண்டார். 1961-ல் ஜப்பானில் அகியோ ஷிண்டோ என்பவர், கம்பளிக்குப் பதிலாகப் பயன்படும் செயற்கை நூலையே சூடாக்கிக் கரி இழை செய்யலாம் என்று காட்டினார். பிறகு இங்கிலாந்தில் பார்ன்பரோ என்ற ஊரில் இருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தார் அதன் பலத்தைப் பல மடங்கு பெருக்கினார்கள்.

தலைமுடியில் பத்தில் ஒரு பங்குதான் ஓர் இழையின் தடிமன். அப்படி ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்துத்தான் ஒரு நூல். எடைக்கு எடை பார்த்தால் இரும்பைவிடப் பல மடங்கு பலம்!

ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. இழுத்தால் தாங்கும். பக்கத்திலிருந்து "சடார்" என்று அடித்தால் தாங்காது. ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனி இதைப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. விமான என்ஜினின் விசிறிக்குக் கரி இழையில் இறக்கை செய்தார்கள். பறக்கும்போது பறவை மோதினால் தாங்குமா என்று சோதித்தார்கள். தாங்கவில்லை! மறுபடியும் உலோக இறக்கைக்கே போனார்கள். வேறு பல செலவுகளும் சேர்ந்துகொள்ள, 1971 பிப்ரவரியில் அந்தப் பெரிய கம்பெனியே நொடித்துப் போயிற்று. இங்கிலாந்து அரசாங்கம் அதை ஏற்று நடத்த வேண்டி வந்தது. பிறகு கரி இழை செய்யும் முறை திருந்தியது. இன்று விமான உடலே அதில் செய்கிறார்கள் என்பதும் உண்மை.

பந்தயக் கார்களுக்கு அது 1981-ல் வந்தது. மெக்லாரன் என்ற அணி தன் காரின் உடலையே கரி இழையில் செய்தது. அதன் பிறகு மற்ற அணிகளும் அதே வழிக்கு வந்தன. 2005-ல் கோவை நரேன் கார்த்திகேயன் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய காரும் அந்த வகைதான். அந்தக் கார்களில் என்ஜின் டிரைவருக்குப் பின்னால் இருக்கும். ஆகவே நீளத் தண்டுக்கே வேலை கிடையாது. என்ஜின் முன்னாலும் சக்தி பின்னாலும் போக வேண்டிய கார்களில்தான் தண்டு பற்றிய பேச்சே எழுகிறது.

கயிறு தாண்டும் விளையாட்டு

இரும்புத் தண்டில் என்ன குறை?

பெண் குழந்தைகள் கயிறு சுற்றித் தாண்டுவதைப் பார்த்திருக்கலாம். இரண்டு முனையையும் பிடித்துச் சுற்றினால் கயிற்றின் நடுப்பகுதி வெளியே தள்ளிக்கொண்டு வரும். நீளமான இரும்புத் தண்டும் அப்படித்தான். ஒரு வேகத்துக்கு மேல் சுற்றினால் நடுவில் வளைந்து உதறும். வேகக் காரில் தண்டு நிமிடத்துக்கு 6,000 சுற்றுகூடச் சுற்றும். அதாவது கண் சிமிட்டும் ஒரு விநாடிக்குள் 100 சுற்று!

அதனால்தான் நீளத் தண்டை இரண்டு துண்டாக்கி, நடுவில் ஒரு தாங்கி வைக்கிறார்கள். "சென்டர் பேரிங்" என்று லாரி டிரைவர்கள் சொல்வது இதைத்தான். கரித் தண்டு லேசானது, விறைப்பானது. அதனால் அவ்வளவு சீக்கிரம் வளையாது. ஒரே துண்டாக மாட்டலாம். சென்டர் பேரிங் தேவை இல்லை. அதுதான் அதன் உண்மையான பெருமை.

எடையும் குறையும். மெர்சிடஸ் கம்பெனியின் எஸ்.எல்.எஸ். என்ற வேகக் காரில் கரித் தண்டின் எடை 4.7 கிலோதான். ஒரு கைக்குழந்தையின் எடை!

சரி, எடை குறைந்தால் கார் பறக்குமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தண்டு ஒல்லியானது. ஒல்லியான பொருளைச் சுற்ற அதிக சக்தி தேவை இல்லை. வெளியே தள்ளி இருக்கும் சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் அதன் பலன் தண்டில் ஒரு கிலோ குறைப்பதைவிடப் பெரிது. தண்டை மாற்றி ஐந்தாறு கிலோ மிச்சம் பிடிப்பதும், ஓட்டுகிறவர் தம் தொப்பையில் ஐந்தாறு கிலோ குறைப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டாவதற்குச் செலவு இல்லை.

லேசாக இருப்பது உயிர்நாடியான இடங்கள் இருக்கின்றன. ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் ஐதராபாத்தில் ஏவுகணை செய்துகொண்டிருந்தபோது, அங்குள்ள ஆஸ்பத்திரியில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகளைப் பார்த்தார். அவர்கள் காலில் சில கிலோ எடையுள்ள உலோகச் சட்டம். அதை இழுத்து இழுத்து நடந்தார்கள். ஏவுகணைக்காக உருவாக்கிய லேசான கூட்டுப் பொருளில் அந்தச் சட்டத்தைச் செய்து கொடுத்தார்கள். எடை சில நூறு கிராமாகக் குறைந்தது! அந்தக் குழந்தைக்கு ஒவ்வோர் அடியிலும் லாபம். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள காருக்கு ஐந்து கிலோ குறைவது அப்படிப்பட்ட லாபம் அல்ல.

கம்பெனியே திரும்பி வந்த கதை

பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2014-ல் விற்ற எம்3, எம்4 என்ற வேகக் கார்களில் கரித் தண்டைப் பொருத்தியது. பெருமையாக விளம்பரமும் செய்தது. 2017-ம் ஆண்டுக் கடைசியில் என்ன செய்தது? அதை எடுத்துவிட்டு மறுபடியும் இரும்புத் தண்டையே மாட்டியது! புகையைச் சுத்தப்படுத்தும் வடிகட்டி ஒன்றைக் காருக்கு அடியில் வைக்க வேண்டி வந்தது. கரித் தண்டு இரும்பைவிடப் பருமன் அதிகம். இடம் போதவில்லை. கார் ஓட்டம் கெட்டுவிட்டது என்று யாரும் அழவில்லை. செய்த கம்பெனியே விட்டுக் கொடுத்த பொருளை, லட்ச ரூபாய்க்கு மேல் கொட்டி வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கட்டாயம் மாட்டியாக வேண்டுமா?

பந்தய மைதானத்தில் ஓடுகிறவர் மாட்டிக்கொள்ளட்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் அதற்கென்றே ஓடுபாதைகள் இருக்கின்றன. அங்கே விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் பரிசு உண்டு. மாட்டு வண்டியும் சைக்கிளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகும் ரோட்டில் அந்தப் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சட்டமும் இருக்கிறது. கம்பெனி செய்து கொடுத்த வண்டியை மனம்போல மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு கேரள வழக்கில் தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டிக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்தார்கள். இரண்டும் சேர்த்துக்கூட விதிக்கலாம். ஆகவே தண்டைக் கழற்றும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கொள்வது நல்லது.

மாட்டுவது எப்படி?

அப்படியும் மாட்டத்தான் வேண்டும் என்றால், அது பஞ்சர் ஒட்டுகிற வேலை அல்ல.

முதலில் அளவு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அளந்தால் தப்பாகிவிடும். கார் தன் முழு எடையோடு தரையில் நிற்கும்போது அளக்க வேண்டும். குண்டும் குழியும் வந்தால் பின் அச்சு ஏறி இறங்கும். தண்டு முன்னும் பின்னும் கொஞ்சம் நகர இடம் விட வேண்டும். இடம் விடாவிட்டால் கியர் பெட்டியையே குத்திவிடும்.

அடுத்தது கிராஸ். தண்டின் முனையில் கூட்டல் குறி போல ஒரு துண்டு இருக்குமே, அதுதான். தண்டு சாய்ந்திருந்தாலும் சுற்ற வைப்பது அது. இத்தாலியில் 16-ம் நூற்றாண்டில் இருந்த கார்டானோ என்ற பண்டிதர் பெயரும், இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் பெயரும் இந்த மூட்டுக்கு இன்றும் வழங்குகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாய்வில் சுற்றும் கிராஸ் ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். மறுமுனையில் இருக்கும் கிராஸ் அந்தக் கோணலைச் சரிக்கட்டும். ஆனால் இரண்டு முனையும் ஒரே நேரில் இருக்க வேண்டும். சாய்வும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரித் தண்டானாலும் தங்கத் தண்டானாலும் வண்டி உதறும்.

கரித் தண்டைச் சம்மட்டியால் தட்டக்கூடாது. வைசில் வைத்து நெரிக்கக்கூடாது. அதற்கு அடியில் ஜாக்கி கொடுக்கக்கூடாது. வெல்டிங் பக்கத்திலேயே போகக்கூடாது. இரும்புத் தண்டு நெளிந்தால் கண்ணுக்குத் தெரியும். கரித் தண்டில் ஒரு கல் அடித்தால் வெளியே சின்னக் கீறல்தான் தெரியும். உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கும். புகைக் குழாயின் சூடும் ஆகாது. சூட்டில் பசை இளகும். குழாயின் முனையில் உலோகத்தை ஒட்டியிருக்கும் இடம்தான் பலவீனமான இடம். பட்டறைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய விஷயம். இதைத்தான் பலர் வாங்க மறந்துவிடுகிறார்கள். தண்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம்! விலை சில ஆயிரம்தான் இருக்கும்.

அந்த வளையம் எதற்கு? ஓடும்போது முன் கிராஸ் உடைந்தால் தண்டின் முன் முனை கீழே விழும். ரோட்டில் குத்தும். வண்டி வேகத்தில் இருந்தால், மூங்கில் கழியை ஊன்றித் தாண்டுவது போல வண்டியையே தூக்கிவிடும். அல்லது சுற்றிக்கொண்டே தரைத் தகட்டை அடித்துக் கிழிக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கால் அங்கேதான் இருக்கிறது. கரித் தண்டு உடைந்தால் துடைப்பம் போல இழை இழையாகப் பிரிந்துவிடும்; இரும்பு போலக் குத்தாது. அந்த வகையில் அது நல்லதுதான். ஆனால் முனையில் இருப்பது உலோகம். அது விழுந்தால் விழுந்ததுதான். அமெரிக்காவில் நேர்கோட்டு ஓட்டப் பந்தயம் நடத்துகிறவர்கள், முன் கிராசிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இந்த வளையம் இருக்க வேண்டும் என்று வேகமான கார்களுக்கு விதியே வைத்திருக்கிறார்கள். தண்டு எதில் செய்தது என்பது பிறகு. அது விழுந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்பது முதலில்.

தொப்பூர் இறக்கத்தில்

பொம்மிடிக்குத் தூரமில்லாத தொப்பூர் கணவாயில் இரவும் பகலும் லாரிகள் இறங்குகின்றன. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே வண்டிகள் அடுத்தடுத்து மோதி உயிர்கள் போயின. அந்த மாதிரி இறக்கத்தில் அனுபவமுள்ள டிரைவர் பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார். சின்ன கியரில் போட்டு, என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்குவார். என்ஜின் எதன் வழியாகச் சக்கரத்தைப் பிடிக்கிறது? இதே தண்டின் வழியாகத்தான்! கிராஸ் உடைந்தால் அந்தப் பிடி போய்விடும். முப்பது டன் பாரத்துக்கும் பிரேக் மட்டும்தான் கதி.

கிராஸ் தேய்ந்தால் அது சொல்லாமல் உடைவதில்லை. கிளட்சை விடும்போது "டணக்" என்று ஒரு சத்தம் வரும். பிறகு ஓட்டத்தில் ஓர் உதறல். கிரீஸ் அடிக்கச் சில ரூபாய். கிராஸ் மாற்ற இன்னும் கொஞ்சம். அந்தச் சத்தத்தை "பழகிப்போச்சு" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் வேகக் காரின் கரித் தண்டைக் கைபேசியில் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள்!

டிராக்டருக்குப் பின்னால்

இப்போது வயலுக்கு வருவோம். பாப்பிரெட்டிப்பட்டி தாலுகா பூராவும் கரும்பு, மரவள்ளி, மஞ்சள். கரும்பென்றால் கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குப் போகும். எங்கும் டிராக்டர். டிராக்டரின் பின்னால் ஒரு முனை சுற்றும். அதில் ஒரு தண்டை மாட்டி, ரோட்டவேட்டரை ஓட்டுகிறார்கள். கதிர் அடிக்கும் மிஷினை ஓட்டுகிறார்கள். பி.டி.ஓ. ஷாப்டு என்பது அதுதான். இரண்டு பக்கமும் கிராஸ். நடுவில் நீளும், சுருங்கும் குழாய். வேகக் காரில் இருப்பதும் இதுவும் ஒரே ஜாதி.

அது நிமிடத்துக்கு 540 சுற்று. காரோடு பார்த்தால் ஆமை வேகம். ஆனால் விநாடிக்கு ஒன்பது சுற்று! மூன்று அங்குலத் தடிமனுள்ள தண்டில் ஒரு துண்டின் நுனி மாட்டினால், ஒரே விநாடியில் ஏழு அடித் துணியை இழுத்துக்கொள்ளும். "ஐயோ" என்று கத்தி முடிப்பதற்குள் வேட்டி முழுவதும் உள்ளே போய்விடும். சேலை முந்தானையும் அப்படித்தான். பின்னலும் அப்படித்தான். டிரைவர் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ஜின் சத்தத்தில் அவர் காதில் ஒன்றும் விழாது.

கடையிலிருந்து வரும்போது அந்தத் தண்டுக்குப் பிளாஸ்டிக் உறை இருக்கும். உறை சுற்றாமல் இருக்க ஒரு சின்னச் சங்கிலியும் இருக்கும். தண்டு உள்ளே சுற்றும். உறை சும்மா நிற்கும். துணி பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று உறையைக் கழற்றுகிறார்கள். வெயிலில் வெடித்துவிட்டது என்று எறிகிறார்கள். சங்கிலி மாட்டுக்குக் கட்டப் போய்விடுகிறது.

பந்தயக்காரன் ஒரு வளையம் இல்லாமல் பாதைக்குள் நுழைய முடியாது. களத்து மேட்டில் உறை இல்லாத தண்டைத் தடுக்க ஆள் இல்லை. ஒரு கரித் தண்டுக்குக் கொட்டும் பணத்தில் எத்தனையோ டிராக்டர்களுக்கு உறை மாட்டிவிடலாம். இந்தக் கணக்கை வீட்டில் இருக்கும் பெண்களே போட்டுப் பார்க்கலாம். கதிர் அள்ளிப் போடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

உறை மட்டும் தனியாகவும் டிராக்டர் சாமான் கடைகளில் கிடைக்கும். வாங்கப் போகும்போது தண்டின் நீளத்தையும் கிராசின் அளவையும் குறித்துக்கொண்டு போக வேண்டும். மாட்டும்போது சங்கிலியை டிராக்டரின் அசையாத பாகத்தில் கோக்க வேண்டும். மிஷினில் வைக்கோல் சிக்கினால், என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, தண்டு முழுக்க நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிட்டே போக வேண்டும்.